இடது கால் போதாதாம்

"அந்த ஆளுக்கு இருக்கறது கண்ணா, புண்ணா?"

போனை வைத்த கையோடு சிட்டுவின் அப்பா கத்தினார்.

"என்னவாம் அண்ணா?" என்றார் சித்தப்பா.

"சிட்டுவை எடுக்கலையாம். இடது கால் போதாதாம். போன ஆட்டத்துல ரெண்டு கோல் அடிச்சாளே, அது என்ன கையாலயா அடிச்சா?"

சிட்டுவுக்குப் பதின்மூன்று வயது. பெரிய கால்பந்து கிளப் ஒன்று பெண் பிள்ளைகளுக்காகப் பயிற்சி விடுதி தொடங்கியிருந்தது. தங்குவது, படிப்பது, ஆடுவது எல்லாம் அங்கேயே. வருஷத்துக்கு நாலு பேரைத்தான் சேர்ப்பார்கள். அந்த நாலு பேரைத் தேடி மைதானம் மைதானமாக அலைகிற ஸ்கவுட்தான் இப்போது போனில் பேசியவர்.

சிட்டுவை மூன்று ஆட்டங்களில் பார்த்தார். ஒன்றில் கொட்டுகிற மழை. மூன்றிலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டு, ஒருவரிடமும் வாய் திறக்காமல், பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார்.

"இந்த வேலைக்கு என்ன படிக்கணும்ணா? நானும் மனு போடறேன்" என்றார் சித்தப்பா. "மழையில குடை பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பென்சிலைச் சீவிக்கணும். நல்லா ஆடறவளை விட்டுட்டுப் போயிடணும். அவ்வளவுதானே?"

"உனக்கு அதுவும் சரியா வராது. மழைன்னா நீ வீட்டை விட்டே கிளம்ப மாட்டே."

சிட்டு பழைய பல் பிரஷ் ஒன்றால் பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கப்பா. அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். இடது கால் கொஞ்சம் வீக்தான்."

"நீ சும்மா இருடி!" என்று அம்மா பாய்ந்தாள். "தூக்கத்துல எழுப்பி விட்டாக்கூட எம் பொண்ணு ரெண்டு காலாலயும் ஆடுவா. மனசாட்சி இல்லாத மனுஷன்! அவனெல்லாம் நல்லா இருப்பானா?"

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியது அம்மாதான்.

"நான் இதை இப்படியே விடப்போறதில்ல" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கிளப்புக்கு நாலு பக்கம் எழுதறேன். அந்த ஆளை வேலையை விட்டே தூக்க வைக்கறேன், பாரு."

"வேலையை விட்டேவா?" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே மைதானத்துக்குப் போனாள். சின்னப் பெண்களின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஸ்கவுட் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கும்மா?"

"போன வாரம் இங்கேயே வந்து கெஞ்சினேனே சார், எம் பொண்ணை எடுத்துடாதீங்கன்னு. அவ்வளவு தூரத்துல அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. காய்ச்சல் வந்தா நெத்தியைத் தொட்டுப் பார்க்க அங்க யார் இருக்கா? எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லவும் தைரியமில்ல. எனக்காக நீங்க பொய் சொன்னீங்க. இப்ப அவர் உங்க வேலைக்கே உலை வைக்கப் பார்க்கறார். அதைவிடக் கேவலம், உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினது நான்தான்."

ஸ்கவுட் சிரித்தார்.

"திட்டு வாங்காத ஸ்கவுட் உண்டாம்மா? ஆனா ஒண்ணு. பெத்தவங்க கெஞ்சினாங்கன்னு நான் ரிப்போர்ட்டை மாத்தி எழுத ஆரம்பிச்சா, அப்பவே இந்த வேலையை விட்டுடணும். எடுங்க எடுங்கன்னு கெஞ்சறவங்கதான் வழி மறிச்சுக்கிட்டு நிப்பாங்க. எடுக்காதீங்கன்னு கெஞ்சினது நீங்க ஒருத்தர்தான்."

"அப்போ நிஜமாவே அவ இடது கால்..."

"அந்தக் காலுக்கு என்னம்மா குறை? இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான். பந்து கால்ல இருக்கறப்போ ஊரே பார்க்கும். இல்லாதப்போ நீ பாரு. உங்க பொண்ணு அடிபட்டு விழுந்தா என்ன பண்ணுவா, கவனிச்சிருக்கீங்களா?"

"உடனே எழுந்து ஓடுவா சார்."

"இல்லம்மா. முட்டியில ரத்தம் வருதான்னுகூடப் பார்க்க மாட்டா. முதல்ல நீங்க உட்கார்ந்திருக்கற பக்கம் திரும்பி, ஒண்ணுமில்லன்னு கை காட்டுவா. மூணு ஆட்டத்துலயும் அப்படித்தான். அப்புறம்தான் எழுந்திருப்பா."

அம்மா தான் வழக்கமாக உட்காரும் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"'கட்டாயம் எடுக்கலாம்'னுதான் ரிப்போர்ட் எழுதி வச்சிருக்கேன். ஆனா அனுப்பறதுக்கு முன்னால, பெத்தவங்க இல்லாம பிள்ளையைத் தனியாக் கூப்பிட்டு, 'உனக்கு வர இஷ்டமா'ன்னு கேட்டாகணும். அது எங்க வழக்கம். உங்க பொண்ணுகிட்டயும் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

கம்பத்தைத் தாண்டி ஒரு பந்து உருண்டு வந்தது. அதைக் காலால் நிறுத்தி, ஓடி வந்த பெண்ணிடம் தட்டிவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா ரிப்போர்ட்டை அனுப்பத் திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்காக வாக்கை மீறறேன்."

ஸ்கவுட் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

"'எனக்கு ரொம்ப ஆசைதான் அங்கிள். ஆனா நான் போயிட்டா எங்கம்மா பயந்தே போயிடுவாங்க. எடுக்கலைன்னு ஏதாவது காரணம் சொல்லிடுங்க. தனக்காகத்தான் நான் வேண்டாம்னேன்னு எங்கம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அழுவாங்க'ன்னா."