ஓரத்து மடிப்பு

"வேற கடைக்குப் போவோம்னு அப்பவே சொன்னேன்ல மாப்ள? பக்கத்துலயே நல்ல டிபன் கடை இருக்கு."

"இருக்கட்டும் மாமா. ரெண்டு வருஷம் லண்டன்ல இருந்துட்டேன். இட்லியெல்லாம் இப்ப எறங்க மாட்டேங்குது."

பெண்ணின் அப்பா சேவுகன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளை அரவிந்த்குமார்தான்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துப் பேஸ்ட்டி மட்டும்தான் அங்கே கிடைக்கும். சோமாஸை நாலு மடங்கு பெரிதாக்கியது போன்ற உருவம். உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயமும், ஓரத்தில் கயிறு முறுக்கியது போலத் தடித்த மடிப்பு.

இன்று பேச்சு முடிந்தால் ஆவணியில் கல்யாணம். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு வந்த வரன் இது. ஃபேனுக்குக் கீழேயே சேவுகனுக்கு வியர்த்தது.

"பொண்ணு ஆபீஸ்லதானே வேலை?" மாப்பிள்ளையின் அம்மா சொர்ணவல்லி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"ஆமாங்க. ஏசி ரூமு. கம்ப்யூட்டரத் தவிர வேற எதையும் தொட மாட்டா."

"அதான் வேணும். கடை கண்ணியில நிக்கிற பொண்ணு நமக்கு ஒத்துவராது."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்த்திகா தலை குனிந்தபடி தண்ணீர் டம்ளரை எடுத்தாள்.

"சோத்துக் கையால எடும்மா" என்றாள் சொர்ணவல்லி. கார்த்திகா கையை மாற்றிக்கொண்டாள்.

அரவிந்த்குமார் பேஸ்ட்டியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "மடிப்பு தலைகீழா ஓடுது பாருங்க. அங்கல்லாம் இதுக்கு எதிர்ப்பக்கமா முறுக்குவாங்க. சுரங்கத் தொழிலாளிங்க அழுக்குக் கையோட இந்த ஓரத்தப் பிடிச்சுத்தான் திம்பாங்க. வரலாறு தெரியாத ஆளு எவனோ மடிச்சிருக்கான்."

"கார்ன்வாலெல்லாம் போயிருக்கியாப்பா?" அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"யூடியூப்ல பாத்திருக்கேன்."

மூன்றாவது பேஸ்ட்டியைக் கடித்தபடியே அவன் கல்லாப் பக்கம் குரல் கொடுத்தான். "அண்ணே, இத மடிச்ச ஆளக் கொஞ்சம் கூப்பிடுங்க. எப்படி மடிக்கணும்னு நான் சொல்லித் தாரேன்."

"விடுங்க மாப்ள, வேணாம்" என்று சேவுகன் பாதி எழுந்தார்.

கடைக்காரர் ஜஸ்டின் கார்ன்வாலில் எட்டு வருஷம் பேஸ்ட்டி அடுப்பில் நின்றவர். இவர்கள் வந்ததிலிருந்து இந்த மேசைப் பக்கமே பார்க்காமல் இருந்தார்.

இப்போது உள்ளே போய், தேய்த்த மாவோடு பலகையை எடுத்து வந்தார். அரவிந்த்குமாரின் தட்டைத் தள்ளிவிட்டு, பலகையை மேசை நடுவில் வைத்தார்.

"கார்த்திகா, இன்னைக்கு ஒனக்கு லீவு நாளுதான். தம்பிக்கு ஒண்ணு மடிச்சுக் காட்டுறியாம்மா?"