புத்தூருக்கு ஒரு சவாரி

"ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்துடாதீங்க. காலை அறுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பானுங்க!"

சொல்லிவிட்டு, கொண்டுவந்த சாத்துக்குடிப் பையைக் குப்பம்மாளின் கையில் கொடுத்தார் கோதண்டபாணி. குரலில் அப்படியொரு பாசம். சொந்தச் சம்பந்திகூட இவ்வளவு உருகமாட்டார்.

நேற்றுக் காலை திருத்தணி மலையடிவாரத்தில், மெட்ராஸ் முதலாளி ஒருவரின் கார், குப்பம்மாளின் புருஷனான மூட்டை தூக்கும் எல்லப்பனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பொய்கைக் கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். எல்லப்பன் கோர்ட்டுக்குப் போனால் முதலாளி நஷ்டஈடாக ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கோதண்டபாணியின் உத்தியோகம்.

அதில் மனிதர் பழம் தின்று கொட்டை போட்டவர். அடிபட்டவனை டாக்டர் கண்ணில் படாமல் நாட்டு வைத்தியத்துக்கு அனுப்பிவிட்டால் சர்ட்டிபிகேட் கிடையாது. கூடவே ஒரு காகிதத்தில் கைநாட்டும் வாங்கிவிட்டால் கேஸே கிடையாது. மூட்டை தூக்குகிறவன் வீட்டில் யாருக்குச் சட்டம் தெரியப்போகிறது?

குனிந்து குடிசைக்குள் நுழைந்தார். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கயிற்றுக் கட்டிலில் ஆள் முனகிக்கொண்டிருந்தான். கோதண்டபாணி உரிமையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப நோவுதாப்பா?"

"ஆங்... உயிரு போவுதுங்க."

"கவலையை விடு. புத்தூருக்கு அழைச்சுக்கிட்டுப் போய்க் கட்டு போட்டுடலாம். கார் வாசல்ல நிக்குது. செலவு மொத்தமும் எங்க முதலாளியோடது."

கட்டிலில் கிடந்தவன் திருதிருவென்று விழித்தான். "எனக்காவா? முதலாளிக்கு என்னெத் தெரியுமா?"

"தெரியாமலா? ராத்திரி பூரா உன்னையே நெனச்சு அவருக்குத் தூக்கமில்லே!"

குப்பம்மாளின் கண் கலங்கிவிட்டது. "நெசமாவே இட்டுகினு போறீங்களா சாமி? மாட்டுவண்டி வாடகைக்குக்கூட வழியில்லாம தவிச்சிகினு இருந்தோம்."

"ஒண்ணே ஒண்ணும்மா. வழியில ஆஸ்பத்திரி, போலீஸ்னு எங்கேயும் நிக்கக் கூடாது."

"இனிமே எதுக்குங்க நிக்கப்போறோம்?" என்றாள் அவள்.

கோதண்டபாணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்தார். 'என் காலில் உள்ள காயத்துக்கு என் கவனக்குறைவே காரணம். எந்த மோட்டார் காரும் காரணமல்ல. யார் மேலும் எனக்குப் பிராது இல்லை' என்று அவரே எழுதி வைத்திருந்தார். பெயருக்கு இடம் விட்டிருந்தது. அதை மெட்ராசுக்குப் போய்ச் சாவகாசமாக நிரப்பிக்கொள்ளலாம்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுங்க?"

"கார் செலவுக்குக் கணக்குக் காட்டணுமேம்மா, அதுக்குத்தான்."

குப்பம்மாள் காகிதத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "நான் வெச்சா ஆவாதுங்களா?"

"ஆகாது, ஆகாது. இவர் கைநாட்டுத்தான் வேணும்."

"அவரே கேக்கறாரு. வெச்சிடு" என்றாள் குப்பம்மாள்.

கட்டைவிரல் காகிதத்தில் பதிந்தது. கோதண்டபாணி அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பனை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்களே அல்லாடினார்கள். ஆனாலும் கார் நகரியைத் தாண்டும்போது கோதண்டபாணி முன் சீட்டில் விசிலடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். முதலாளி முதுகில் தட்டிக்கொடுக்கப் போகிறார், சம்பளம் உயரப் போகிறது. பின் சீட்டில் குப்பம்மாள் ஒரு சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாக நோயாளிக்கு ஊட்டிக்கொண்டு வந்தாள்.

புத்தூர் வைத்தியர் மூங்கில் பத்தையைப் பிரித்தார். விரலால் முழங்காலிலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"பழைய வீக்கமாச்சே! ஒரு வாரமாவது ஆயிருக்கும். எப்படிப்பா அடிபட்டே?"

"புளி உலுக்க மரத்துல ஏறினேங்க. கிளை முறிஞ்சி வுழுந்துட்டேன்."

"டேய், உளறாதே!" என்று எழுந்தார் கோதண்டபாணி. "நேத்துக் கார்ல அடிபட்டவன்தானே நீ?"

"நானா? அது எங்கண்ணன்ங்க!"

கோதண்டபாணி குப்பம்மாளைப் பார்த்தார். அவள் அசரவில்லை.

"இவரு என் கொழுந்தன் முனியன். எங்க வூட்டுக்காரரு நேத்தே சர்க்கார் டாக்டர்கிட்டக் காயத்தைக் காட்டி சர்ட்டிபிகேட் வாங்கினாரு. பார்த்தவங்களோட போலீஸ்ல எழுதி வெச்சாரு. சாயந்திரம் ரயிலேறி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போயிட்டாரு."

"அடிப்பாவி! முன்னாடியே ஏன் சொல்லலே?"

"எங்கப்பாவை லாரி அடிச்சப்ப இதே மாதிரி ஒருத்தரு வந்தாருங்க. இதே சாத்துக்குடி, இதே கரிசனம். வெவரம் தெரியாம கைநாட்டு வெச்சோம். அப்பாவும் போனாரு, கஞ்சிக்கும் வழியத்துப் போனோம்." அவள் சாத்துக்குடிப் பையை முனியனின் தலைமாட்டில் வைத்தாள். "அதான், இந்தத் தடவை நீங்க கேக்காததை நான் சொல்லலே. முனியா, ஐயாவுக்குக் கும்பிடு போடு. அவரு புண்ணியத்துல உன் காலு ஒண்ணு சேரப்போவுது!"

முனியன் படுத்தபடியே மனசார இரண்டு கையையும் குவித்தான்.

கோதண்டபாணி சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். 'என் காலில் உள்ள காயத்துக்கு என் கவனக்குறைவே காரணம். எந்த மோட்டார் காரும் காரணமல்ல.'

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் கைநாட்டு வாங்கிய காகிதங்களில், முதல் தடவையாக ஒன்று உண்மையைச் சொன்னது.