ஒத்திகை இல்லாமல்

"பேச வேண்டியவர் வரமாட்டாராம். இப்ப என்ன பண்றது?"

நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான இல்லத்து நர்ஸ், மேக்கப் ரூம் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எங்கள் குழு வருஷத்துக்கு ஒரு நாடகம் அந்த இல்லத்துக்காகப் போடும். திரை விழுந்ததும் இல்லத்தில் இருப்பவர் ஒருவர் மேடையேறி ரெண்டு வார்த்தை பேசுவார். அந்தச் சூடு ஆறுவதற்குள் நாங்கள் வேஷத்தைக் கலைக்காமல் வாசலுக்கு ஓடி உண்டியல் குலுக்குவோம். பேச்சு இல்லையென்றால் சில்லறைதான் விழும். லைட் போடுகிறவன் நான், மேலே உட்கார்ந்து வருஷா வருஷம் பார்க்கிறேனே.

"அவர் பொண்ணுக்கு வரன் பார்க்கறாங்க. தெரிஞ்சவங்க யாராவது வந்திருந்தா வம்பாயிடும்னு பயப்படறார்," என்றார் நர்ஸ்.

டைரக்டர் அசரவில்லை. "இவ்ளோ நடிகர்களை வெச்சுக்கிட்டு நாம ஏன் முழிக்கணும்? நம்மள்ல ஒருத்தர் அந்த மாதிரி நடிச்சுட்டா போச்சு."

"பொய்யில்லையா சார்?"

"நாடகம்னா பின்னே என்னம்மா? நல்ல காரியத்துக்குத்தானே!"

கதாநாயகன் அவசரமாக மீசை ஒட்ட ஆரம்பித்தான். காமெடியனுக்கு பாத்ரூம் வந்துவிட்டது.

"நான் பேசறேன் சார்," என்றார் அண்ணி.

அவர் எனக்கு அண்ணி முறையெல்லாம் இல்லை. எப்போதோ ஒரு நாடகத்தில் அண்ணி வேஷம் போட்டார், அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. துணி தைத்து ஒரே மகளைப் படிக்க வைக்கிறார். இந்த முறை அவருக்கு வேஷம் இல்லை, எல்லோருக்கும் உடுப்பு தைத்ததோடு சரி. அதனால் ஜனங்களுக்கும் சந்தேகம் வராது.

"வசனம் எழுதித் தரட்டுமா?" டைரக்டர் பேனாவைத் தேடினார்.

"வேண்டாம் சார். பார்த்துக்கறேன்."

திரை விழுந்ததும் அண்ணி மேடையேறிப் பேசினார். அழவில்லை, கையைக் காலை ஆட்டவில்லை.

"என் வீட்டுக்காரர் போன பிறகுதான் எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சது. தினமும் மாத்திரை போடறேன். வேலை பார்க்கறேன், சமைக்கறேன், பொண்ணுகிட்ட சண்டை போடறேன். பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்காது, தொட்டாலும் ஒட்டிக்காது. ஆனா விஷயம் தெரிஞ்சதும் மெதுவா தள்ளி உட்கார்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

அன்றைக்கு உண்டியல் நிரம்பி வழிந்து, காமெடியன் தன் தொப்பியைக் கழற்றி நீட்ட வேண்டியதாயிற்று.

"பார்த்தீங்களா, ஒரு ஒத்திகைகூட கிடையாது. எல்லாம் நம்ம டிரெயினிங்," என்று நர்ஸிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் டைரக்டர்.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகைக் கூடத்தில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணி தாமதமாக வந்தார். முகம் சரியில்லை.

"வீட்டு ஓனர் காலையில வந்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டார் சார்."

"ஏன்?"

"நேத்து நாடகம் பார்க்க வந்து முன் வரிசையில, நடு சீட்லதான் உட்கார்ந்திருந்தார். நான் பேசினதைக் கேட்டுட்டார். 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மத்த குடித்தனக்காரங்க என்ன சொல்வாங்களோ'ங்கறார்."

டைரக்டருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "அந்த ஆளா? நீ பேசறப்போ மூக்கைச் சிந்திட்டிருந்தானே! அது நடிப்புய்யான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? நம்பரைக் குடு, நான் பேசறேன்."

"வேண்டாம் சார்."

"அதுவும் சரிதான். இப்படிப்பட்டவன் வீட்ல எதுக்கு இருக்கணும்? என் வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு. பொண்ணைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வந்துடு. வாடகை ஒண்ணும் வேண்டாம்."

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. கைதட்டினோம். "சார், எங்க ஓனரும் ரொம்ப மோசம் சார்," என்றான் காமெடியன். எல்லோரும் சிரித்தோம், அண்ணியைத் தவிர.

"வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் சார். நேத்து நான் நடிக்கல."

அண்ணி கைப்பையைக் கீழே வைத்தார்.

"நடிப்புன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்ங்கற தைரியத்துலதான் மேடை ஏறினேன். காலையில ஓனர் அது நிஜமான்னு கேட்டப்போ பொண்ணு பக்கத்துல நின்னா. அவளுக்கு எல்லாம் தெரியும். அவ முன்னாடி, அது நான் இல்லைன்னு சொல்ல வாய் வரல."

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கிளாஸை எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார். நாங்கள் ஆளுக்கொரு மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எங்களில் ஒருவரும் அண்ணி பக்கம் நகரவில்லை.

"அதுக்கென்னம்மா, தாராளமா வரலாம்," என்றார் டைரக்டர். "ஆனா பாரு, மாடிக்குத் தண்ணி சரியா ஏறாது. கொஞ்சம் ஒழுகல் வேற. பெயிண்டரை வரச் சொல்லியிருக்கேன். வீட்லயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அண்ணி அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கோபமில்லை, குரல்கூட உயரவில்லை.

"இத்தனை வருஷமா எங்களுக்கெல்லாம் நடிப்பு சொல்லிக் குடுக்கறீங்க. உங்களுக்குச் சுத்தமா வரலையே சார்."