ரொட்டிக்கு அனுமதி

முகிலன் எழுந்தான், பல் துலக்கினான், சவரம் செய்தான். லிஸ்பன் தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிக் கடன் அட்டையை நீட்டினான். கூட்டு அட்டை, வெளிநாட்டுச் செலவுக்கு மட்டும் மனைவியும் சம்மதிக்க வேண்டும். நறுமுகை இறந்த பிறகு, அவள் பேச்சைக் கற்றிருந்த அட்டையே அவள் குரலில் பேசியது.

“ரொட்டிக்கு இவ்வளவா? உன் மூஞ்சியப் பாத்தே விலை சொல்றான்.”

“பசிக்குதுடி.”

“சரி, அந்த ஊர் காசுலயே போடு. ரூபாய்னா இன்னும் பிடுங்குவாங்க.”

சென்னையில் இறங்கினால் அட்டை வாய் திறக்காது. அதனால் அலுவலகம் கூப்பிட்டும் அவன் ஊர் திரும்பவில்லை. வெயிலில் உட்கார்ந்து நிம்மதியாக ரொட்டியைப் பிய்த்தான்.

உண்மையில் நறுமுகை கடைசியாகப் பேசியது மருத்துவமனைக் கட்டிலில்.

“நீ கொஞ்சம் தூங்கு. நான் முழிச்சிருக்கேன்.”