பின்விசை

அருமைநாயகத்தின் பழைய துப்பாக்கியில் இரண்டு குழல்களும் அக்கம்பக்கமாக இருக்கும். விரல் வைத்து அழுத்தும் விசையும் குழலுக்கு ஒன்றாக, முன்னும் பின்னும் இரண்டு. இருபது வருஷம் அதோடுதான் வேட்டைக்குப் போனார். "கண்ணு மங்கின ஆளுக்குக் குழல் மேலும் கீழுமா இருக்கணும், குறிக்கு ஒரே கோடு" என்று கேலி பேசி மாற்றவைத்தவள் அவர் மனைவி கிரேஸ். புதுசில் இரண்டு குழலுக்கும் ஒரே விசை.

அருமைநாயகத்தின் அடக்கம் முடிந்ததும் கொழுந்தன் தவமணி அந்தப் புதுசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"முதல் குண்டுக்குக் காட்டெருமை விழலையா தம்பி?"

"இல்ல மதினி. திரும்பி அண்ணன் மேலயே பாஞ்சிட்டு."

"ரெண்டாவது குண்டு?"

"உள்ளேயேதான் இருக்கு. மரத்து மேலேருந்து பார்த்தேன். அண்ணன் விரல் பின்விசையைத் தேடுச்சு. அது இல்லாத இடத்துல அமுக்கிக்கிட்டே நின்னாங்க."

கிரேஸ் அழவில்லை. "காப்பி குடிக்கிறீங்களா?" என்று எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

"மதினி, பால் பொங்குது!"

பால் வழிந்து அடுப்பை அணைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளுடைய ஆள்காட்டி விரல் மட்டும் வெறுங்காற்றில் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.