இல்லாத படி

“விழுந்துட்டேன் மிஸ்,” என்றாள் சிறுமி. அதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பந்துகளும் வலைகளும் அடைத்துக் கிடந்த விளையாட்டு அறையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். டிரில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்தியபோது, இவளுக்கு மட்டும் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பி.டி. மாஸ்டர் வகுப்பாசிரியையை வரச் சொல்லியிருந்தார்.

ஆசிரியை சிறுமியின் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே ஒரு பெரிய ஆளின் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. ஓரங்களில் நீலம் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது.

“எங்க விழுந்தே கண்ணு?” என்று கேட்டார் மாஸ்டர்.

“வீட்டுப் படியில சார்.”

மாஸ்டர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை ஜன்னலைப் பார்த்தாள். அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. தெருவிலிருந்து கால் வைத்தால் நேரே கூடம்தான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். இன்னும் கோவம் வரும்.”

“சொல்லல. நீ போய் கிளாஸ்ல உக்காரு.”

சிறுமி கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நடந்து போனாள்.

மாஸ்டர் ஒரு பந்தை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். சாதாரணமாக வாய் ஓயாத மனிதர். தலைமை ஆசிரியை அவருக்குக் கூடப் பிறந்த அக்கா. ஆனால், பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே உறவு கிடையாது என்பது அந்த அம்மாள் போட்ட சட்டம். ஒருமுறை பிரேயரில் மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, “அக்கா, செருப்பை மாத்திப் போட்டிருக்கே” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கூடமே தலைமை ஆசிரியையை அக்கா என்று கூப்பிட்டது. அன்றிலிருந்து அவர் வாயில் ‘மேடம்’ தவிர வேறு வருவதில்லை.

பந்தைக் கூடையில் போட்டுவிட்டு ஆசிரியையின் பக்கம் திரும்பினார்.

“குழந்தைப் பாதுகாப்பு டிரெய்னிங்ல முதல் வரிசையில உக்காந்து கேட்டவங்க நீங்க,” என்றார் கடைசியில். “எனக்கே நீங்கதான் விளக்கிச் சொன்னீங்க. சந்தேகம் வந்தாலே சொல்லியாகணும், நிரூபிக்கிறது நம்ம வேலை இல்லைன்னு.”

“ஞாபகம் இருக்கு சார்.”

“தெரிஞ்சும் சொல்லாம விட்டா நம்ம மேலயே கேஸ் வரும்.”

“அதுவும் ஞாபகம் இருக்கு.”

“உங்களுக்குச் சங்கடம்னா நான் பேசறேன் மிஸ். ஆனா கடைசி மணிக்குள்ள யாராவது பேசித்தான் ஆகணும். நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருக்க முடியாது.”

“நானே பேசறேன்.”

ஸ்டாஃப் ரூமில் ஆளில்லை. சுவரில் குழந்தைகள் உதவி எண் போட்ட போஸ்டர் இருந்தது. கோணலாக ஒட்டிவிட்டார் என்று பியூனை மறுபடி ஏணி ஏற வைத்தவள் அவள்தான். இப்போது தன் போனில் அந்த எண்ணை அழுத்தினாள், அழித்தாள், மறுபடியும் அழுத்தினாள்.

விசாரணை வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். வராவிட்டால் என்ன நடக்கும் என்றும் நினைத்துப் பார்த்தாள். எப்படி நினைத்தாலும் அந்தக் கையைத்தான் யாரோ பிடித்து முறுக்கினார்கள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். களைத்த குரல், ஆனால் பொறுமையாகக் கேட்டது.

“நீங்க யாருங்க பேசறது?”

“கிளாஸ் டீச்சர்.”

“இது உங்க சொந்த நம்பர்தானே மேடம்? திரும்பக் கூப்பிட்டா எடுப்பீங்களா?”

“எடுப்பேன்.”

சிறுமியின் பெயர், வயது, விலாசம் எல்லாம் சொன்னாள். விரல் தடத்தைச் சொன்னாள். படியைப் பற்றியும் சொன்னாள்.

“யார் மேல சந்தேகம்?”

“அப்பா மேல.”

“இதுதான் முதல் தடவையா?”

“இல்ல.”

“அம்மா கூட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அவங்க தடுக்கலையா?”

“தடுத்திருந்தா கையில தடம் இருக்காதே.”

“பாவம், அவங்களும் பயந்தவங்களா இருக்கும்,” என்றது குரல். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது.

“பதிஞ்சுக்கிட்டேன் மேடம். நாளைக்குக் காலையில எங்க ஆளுங்க ஸ்கூலுக்கே வந்துடுவாங்க.”

“நாளைக்கா? அப்ப இன்னிக்கு ராத்திரி?”

“இருக்கறவங்க எல்லாரும் வேற கேஸுக்குப் போயிருக்காங்க. வேணும்னு சொல்லல மேடம், நிஜமாவே ஆள் இல்ல.”

“பிள்ளை இப்ப அந்த வீட்டுக்குத்தாங்க போகணும்.”

“புரியுது. ஒரு ராத்திரிக்கு அம்மாவைத்தான் நம்பியாகணும், வேற வழியில்ல. பிள்ளையைக் கூட்டிட்டு எங்கயாவது போயிடச் சொல்லி நானே பேசறேன். அம்மா நம்பர் கிடைக்குமா?”

கடைசி மணி அடித்தது. வராண்டா முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். ஸ்டாஃப் ரூம் வாசலில், பையை இடது தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு அந்தச் சிறுமி வந்து நின்றாள்.

“லைன்ல இருக்கீங்களா மேடம்? அம்மா நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“இதே நம்பர்தாங்க.”