கிளம்பிய வருடம்

படகு கிளம்ப இன்னும் பதினோரு நிமிடம்.

நான் பலகையை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"லியாண்டர், நீ பெயின்ட் அடிக்கிறியா, பலகைக்குத் தலை சீவி விடறியா?" படகுத்துறையின் அந்தக் கோடியிலிருந்து மேயர் செலினா கத்தினாள்.

"எழுத்து நல்லா வர வேண்டாமா மேயரம்மா?"

"வரும், வரும். படகு போனப்புறம் வரும்."

லேண்டர்ஸ் கோவ் என்ற எங்கள் கடலோர ஊரில் இறங்குகிற யாரும் முதலில் பார்ப்பது, துறை வாசலில் கொக்கியில் தொங்கும் நாலு பலகைகளைத்தான். ஊர்ப் பெயரை வெளியே கொண்டுபோனவர்கள். ஒரு கப்பல் கேப்டன், ஒரு நீதிபதி, ஓபரா பாடகி மோனா சீவர்ட், ஹாக்கி வீரர் கார்லண்ட் டொய்ல். முந்நூறு பேர் இருக்கும் ஊருக்கு இது அதிகம்தான்.

ஒவ்வொரு பலகையிலும் பெயர், வந்த வருடம், கிளம்பிய வருடம். வந்தது என்றால் பிறந்தது. கிளம்பியது என்றால் படகேறியது. வெளியூர்க்காரர்கள் இது தெரியாமல், பதினெட்டு வயதிலேயே போய்விட்டாரே என்று கார்லண்டுக்காகக் கண் கலங்குவார்கள். அவர் கோடை விடுமுறைக்கு வந்து, பலகைக்குக் கீழேயே நின்று பொரித்த மீன் தின்றுகொண்டிருப்பார்.

இங்கே யாரையும் போகாதே என்று சொல்வதில்லை. சொன்னால் காலைப் பிடித்து இழுத்த மாதிரி. சூப் விருந்து வைப்போம். கேக் வெட்டுவோம். கையால் தைத்த போர்வை ஒன்று கொடுப்போம். அவர்கள் படகில் கால் வைத்த பிறகு பலகையை மாட்டுவோம். மேல்தளத்திலிருந்து பார்த்துக் கையசைப்பார்கள்.

இன்றைக்கு டாக்டர் உச்சே நுவோசுவின் முறை.

நைஜீரியாவிலிருந்து வந்த பெண் மருத்துவர். இரண்டு வருட ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. தொடர்ந்து இருக்கலாம் என்று அரசாங்கம் அனுப்பிய காகிதம் அவர் கைப்பையிலேயே கிடக்கிறது, கையெழுத்து இல்லாமல். டொரன்டோவில் ஒரு வேலையும் காத்திருக்கிறது. இரண்டில் எது என்று நாங்கள் கேட்கவில்லை.

என் மனைவி எஃபியின் இதயத்துக்கு வாரம் ஒரு தடவை ரத்தம் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டாக்டர் இல்லாவிட்டால் அவள் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஒன்பது மணி நேரப் பயணம். அங்கே ஒரு கட்டிலுக்குத்தான் இடம்.

நாற்பத்தாறு வருடமாக நாங்கள் ஒரே மேசையில் டீ குடிக்கிறோம்.

நேற்று எஃபிதான் டாக்டரிடம் போர்வையை மடித்துக் கொடுத்தாள். "டொரன்டோ குளிருக்கு இது போதாதும்மா" என்றாள்.

ஆறு நிமிடம்.

பெட்டிகள் படகில் ஏறிவிட்டன. டாக்டர் ஏறவில்லை. நேராக என்னை நோக்கி நடந்து வந்தார்.

"டாக்டர், அங்க போகாதீங்க. படகுல ஏறித்தான் பார்க்கணும்." செலினா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"லியாண்டர் மாமாகிட்ட சொல்லிக்காம எப்படிப் போறது?"

பலகையை மறைக்க நேரமில்லை. மறைக்கவும் இல்லை.

உச்சே நுவோசு, மருத்துவர். வந்த வருடம். அதோடு பலகை முடிந்துவிட்டது. மற்ற நாலையும்விட ஒரு சாண் குட்டை.

"எல்லாருக்கும் ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு மட்டும் ஒண்ணா?"

"பலகை பத்தலம்மா."

"வெட்டியிருக்கீங்க மாமா. ரம்பம் பட்ட இடம் தெரியுது."

நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

அவர் குரல் இறங்கியது. "நாலு வாரமா எனக்கு விருந்து வைக்கிறீங்க. மூணு கேக். இருந்துடுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? நான் எப்போ கிளம்புவேன்னு ஊரே காத்திருக்குன்னு நினைச்சேன்."

"அப்படிக் கேக்கறது எங்க ஊர்ல மரியாதை இல்லம்மா."

மூன்று நிமிடம். படகு ஒரு முறை ஊதியது.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, தன் பெயர் மேல் விரலை வைக்கப் போனார்.

"ஈரம், ஈரம். கையில ஒட்டிக்கும்" என்றாள் செலினா.

விரல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஓடியது. திருப்பிப் பார்த்தார். விரலில் ஒரு துளி நீலப் பெயின்ட் இல்லை.

குனிந்து என் பிரஷ்ஷைத் தொட்டார். குச்சி போல விறைத்திருந்தது. பெயின்ட் டப்பாவின் மூடி திறக்கப்படவேயில்லை.

"இதை எப்போ எழுதினீங்க?"

"நீங்க வந்த மறுநாள் காலைல. படகை விட்டு இறங்கி, பெட்டியக்கூடப் பிரிக்காம, நேரா எஃபியப் பார்க்க வந்தீங்களே, அதுக்கு மறுநாள்."

இரண்டு வருடமாக அது என் கொட்டகையில், பழைய வலைகளுக்குப் பின்னால் இருந்தது. வெட்டிய துண்டை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

படகு இரண்டாவது முறை ஊதியது. மேல்தளத்திலிருந்து படகுக்காரன் கிளெம் கையாட்டினான். "டாக்டர், ஏறலையா?"

டாக்டர் பலகையை என் மடியிலிருந்து எடுத்தார். மோனா சீவர்ட்டுக்குக் கீழே, காலியாக இருந்த இரண்டு கொக்கிகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"கொக்கி வேணாம் மாமா. காத்து அடிச்சா கழண்டுடும். ஆணி இருக்கா?"

நான் சட்டைப் பையில் ஆணி தேடினேன். செலினா படகைப் பார்த்துத் திரும்பினாள்.

"டேய் கிளெம், அந்தப் பெட்டியெல்லாம் இறக்கு. வரும்போது ஒரு சுத்தியலும் கொண்டா."